கடற்கரையில் களஞ்சியம்

தாது ஆண்டுப் பஞ்சம் என்று அதற்குப் பெயர் வைத்தனர் நம் முன்னோர். அறுபது ஆண்டு வரிசையில் பத்தாவது ஆண்டு தாது. 1876ஆம் ஆண்டு சித்திரையில் அது பிறந்தது. மழை பொய்த்தது, வயல் வெடித்தது, மாடு மடிந்தது, மக்கள் மாண்டனர். குற்றவாளி யார்? ஆண்டு! ஆண்டின் பெயர்! பஞ்சாங்கம் படித்தவர் அப்படிக் கூறினார். கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டு நம்பினார். அதே தாது 1936ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. 1996ஆம் ஆண்டில் மறுபடியும் வந்தது. 1996 ஜூன் திங்களில் சென்னைத் தெருக்கள் ஆறாகும்படி மழை கொட்டிற்று. தாது என்ற பெயருக்கு மழையைத் தடுக்கும் ஆற்றல் அவ்வாண்டு எங்கே போயிற்றோ, பஞ்சாங்கக்காரரைத்தான் கேட்கவேண்டும். 1877இல் பிறந்தது ஈசுவர ஆண்டு. பெயரிலேயே ஈசன் வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று எவரேனும் எண்ணியிருப்பின் ஏமாந்திருப்பர். சாவு மிகுந்தது அவ்வாண்டில்தான்.

ஆண்டின் மேல் பழி போடுவதை விட்டவர்கள் மழையின் மேல் பழி போட்டனர். இது சற்றே அறிவுடைய பேச்சு. மழை பொய்த்தது உண்மை. 1876இல் தென்மேற்குப் பருவமும் ஏமாற்றியது, வடகிழக்குப் பருவமும் ஏமாற்றியது. ஆயினும் மழையின்மைக்கும் மக்கள் சாவுக்கும் இடையே நீண்ட வழி கிடக்கிறது. அவ்வழியில் களஞ்சியம் உண்டு, கப்பல் உண்டு, ரயில் உண்டு, கடைத்தெரு உண்டு, கவர்னர் மாளிகை உண்டு. இத்தனையையும் கடந்த பிறகே பஞ்சம் குடிசைக்குள் நுழைய முடியும். இவற்றுள் எந்த வாயிலில் காவல் தவறியது என்பதே நமது கேள்வி.

இவ்வழக்கில் சாட்சி சொல்லும் தகுதி மீஞ்சூர் முதல் ராயபுரம் வரை உள்ள நம் கடற்கரைக்கு உண்டு. ஏனெனில் 1877இல் தென்னாட்டுக்கு வந்த உணவின் பெரும்பகுதி இறங்கிய இடம் சென்னைக் கரை.

அன்று சென்னைக்குத் துறைமுகம் இல்லை. 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வந்து அடிக்கல் நாட்டிச் சென்றிருந்தார். வேலை தொடங்கியிருந்த நிலை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை ஏறி மிதித்துச் சென்று மூட்டைகளை ஏற்றி வரும். நம் மீனவத் தோழர்களும் படகோட்டிகளும் இடுப்பளவு நீரில் நின்று அவற்றைத் தலையில் தாங்கி மணலில் சேர்ப்பர். அங்கிருந்து ரயிலுக்குப் போகவேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரம் நிலையத்திலிருந்து ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டது. இருபதாண்டுக்குள் அப்பாதை அரக்கோணத்தில் கிளை பிரிந்து, பஞ்சம் மிகக் கடுமையாக இருந்த பல்லாரிச் சீமைக்கும் நீண்டிருந்தது. கப்பல் கொண்டுவந்ததை ரயில் கொண்டுபோகும்; ரயில் போகும் இடமெல்லாம் பசி ஓடும். ஏட்டில் எழுதிப் பார்க்க எவ்வளவு அழகான திட்டம்!

நடந்தது என்ன? மூட்டை மூட்டையாகத் தானியம் கரையில் குவிந்தது. வங்கத்து அரிசி, பர்மா அரிசி. குன்றென உயர்ந்த அக்குவியலின் புகைப்படம் இன்றும் உண்டு. 1877 பிப்ரவரி என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஏற்றுமதிக்காக அடுக்கிய மூட்டை அது என்று குறிப்பெழுதுவோரும் உளர். வந்ததாயினும் ஆகுக, போவதாயினும் ஆகுக. பசித்தவன் வாய்க்குப் போகாமல் கரையில் கிடந்தது என்பதில் இருதரத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்நாளில் ‘மதராஸ் டைம்ஸ்’ ஏட்டின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, தாம் கண்டதையும் அரசாங்கக் கடிதங்களில் படித்ததையும் சேர்த்து 1878இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஆங்கிலேயர், ஆயினும் ஆங்கில ஆட்சியின் கணக்கைத் தணிக்கை செய்ய அஞ்சாதவர். அவர் எழுதியதைப் படிப்போர், பஞ்சம் என்பது உணவில்லாத நிலை என்று அதன்பின் எளிதாகச் சொல்லமாட்டார்கள்.

குவிந்த கரைக்கு அருகிலேயே வேறொரு நினைவுச் சின்னமும் இருந்தது. ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை முதியோர் இன்றும் கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி என்றே கூறுவர். ஐதர் அலியுடன் கும்பினி போரிட்ட காலத்தில், 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது, ஊர் மணியக்காரர் ஒருவர் அப்பக்கத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. வெள்ளைக்காரர் நாவில் மோனிகர் சௌல்ட்ரி ஆயிற்று. சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் மருத்துவமனை. அந்த மணியக்காரர் பொருளாதார நூல் எதுவும் படித்தவரல்லர். பசிக்கிறவனுக்குக் கஞ்சி ஊற்றினால் பசி தீரும் என்ற அளவுக்கே அவருக்குத் தெரியும். 1877இல் ஆட்சி நடத்தியவர்கள் நூல்கள் படித்தவர்கள்.

அந்நூல்கள் சொன்னதை நாம் நேர்மையுடன் கூறவேண்டும். ஆடம் சுமித் 1776இல் எழுதிய பெருநூல் அவர்களுக்கு வேதம். அதன் வாதம் இது: விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். ஏறிய விலை இரண்டு வேலைகளைச் செய்யும். உண்போரைச் சிக்கனமாக உண்ணச் செய்யும். வணிகரைத் தொலைவிலிருந்து தானியம் கொண்டுவரச் செய்யும். அரசு குறுக்கே வந்து விலையை அடக்கினால் இரண்டு வேலைகளும் கெடும், பற்றாக்குறை பஞ்சமாகும். இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. பொய்யாக இருந்தால் அதை மறுப்பது எளிது. பாதி மெய்யாக இருப்பதுதான் தொல்லை. பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல்கள் சென்னைக்கு வந்தது ஏன்? சென்னையில் விலை ஏறியதனால். வணிகர் வந்தனர், வாங்கினர், இறக்கினர். சந்தை தன் வேலையைச் செய்தது. கப்பலைக் கரை வரை கொண்டுவந்தது. கரையிலிருந்து கலயம் வரை கொண்டுபோவதற்கு மட்டும் சந்தையிடம் வழி இல்லை.

ஏன் இல்லை? இதற்கு விடை காணச் செங்கற்பட்டுச் சீமையின் களத்துமேட்டுக்குப் போகவேண்டும். நம் மீஞ்சூரும் பொன்னேரியும் அன்று அச்சீமையைச் சேர்ந்தவையே. நிலம் மிராசுதாரர் கையில். உழுதவர், நட்டவர், அறுத்தவர் படியாட்கள், பெரும்பாலோர் ஆதித்திராவிடர். படியாள் என்ற சொல்லே அவருடைய பொருளாதாரத்தைச் சொல்லிவிடுகிறது. காசுக் கூலி அன்று. களத்தில் படியால் அளந்து கொடுக்கும் நெல்லே கூலி. நல்ல ஆண்டில் இவருக்குக் கடைத்தெருவில் வேலை குறைவு. நெல் விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்கு அளக்கும் படி ஏறக்குறைய அதுவே. மழை பொய்த்த ஆண்டில் உழவில்லை, நடவில்லை, அறுப்பில்லை. ஆகவே அளப்பும் இல்லை. அதுவரை சந்தைப் பக்கம் பெரிதும் போகாதவர், போனால் வாங்குவதற்குக் கையில் காசில்லாத நாளில், சந்தைக்குத் துரத்தப்படுகிறார். அங்கே அரிசி இரண்டு மடங்கு விலை, மூன்று மடங்கு விலை.

விலை இரு மடங்கானால் பாதி உண்ணலாம் என்பது கூலி உள்ளவன் கணக்கு. கூலியே சுழியமானால்? சுழியத்தை எந்த விலையால் வகுத்தாலும் ஈவு சுழியம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இக்கணக்கு இந்தியாவின் வைசிராய்க்குத் தெரியவில்லை. நெசவாளர் நிலையும் இதுவே. அரிசிக்கே காசு போதாத வீட்டில் புதுப்புடைவை யார் வாங்குவார்? தறி நின்றது, தறிக்காரர் தெருவுக்கு வந்தார். தையற்காரர், குயவர், வண்ணார் என ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலி அறுந்தது. மிராசுதாரர் களஞ்சியத்தில் நெல் இருந்தது. வணிகர் கிடங்கிலும் இருந்தது. நாளைக்கு இன்னும் விலை ஏறும் என்று தெரிந்தவர் இன்று ஏன் விற்பார்? அவரைத் தீயவர் என்று திட்டிப் பயனில்லை. அப்படிப் பூட்டி வைப்பதை அறிவுடைமை என்று நூலெழுதிப் போற்றிய முறை அது.

ரயிலைப் பற்றியும் ஒரு சொல். ரயில் வந்தால் பஞ்சம் ஒழியும் என்று முழங்கியவர் பலர். பஞ்சம் இல்லாத வட்டாரத்தின் நெல்லையும் விலை கூடிய ஊருக்கு இழுத்துச் செல்ல ரயில் உதவிற்று; ஆதலால் விலையேற்றம் ஊர் ஊராகப் பரவிற்று. முன்பு விளைந்த ஊரில் நெல் கிடந்தது, விளையாத ஊர் வாடிற்று. இப்போது இரண்டு ஊரும் ஒரே விலையைக் கண்டன. இரண்டு ஊர் ஏழைகளும் அவ்விலைக்கு வாங்க முடியாதவராயினர். அதே நேரத்தில் கரையில் குவிந்த மூட்டைகளை முழுதும் ஏற்றிச் செல்லப் போதுமான வண்டிகள் இல்லை. இந்தியா முழுவதும் உணவே அற்றுப்போயிற்றா என்றால், அதுவுமில்லை. 1877–78இல் இந்நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கோதுமை மட்டும் மூன்று லட்சம் டன்னுக்கு மேல்! அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு போனதில்லை. இலண்டன் தொழிலாளி வாங்கும் சக்தி உடையவன். பல்லாரி உழவன் அஃதற்றவன். சந்தைக்குக் கண் உண்டு. அது காசை மட்டுமே காணும் கண்.

சென்னை ஆட்சியாளர் எல்லோரும் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லவில்லை. கவர்னர் பக்கிங்காம் கோமகனின் அரசு 1876 இறுதியில் அர்பத்நாட்டு நிறுவனத்தின் மூலம் 30,000 டன் தானியத்தை ஓசையின்றி வாங்கிற்று. (இந்த அர்பத்நாட்டு நிறுவனந்தான் 1906இல் மஞ்சள் கடிதாசு கொடுத்து, பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியது, அது வேறு கதை.) செய்தி கல்கத்தாவை எட்டியது. வைசிராய் லிட்டன் சினந்தார். தனியார் வாணிகத்தில் அரசு தலையிடுவதா? வாங்கியது போதும், இனி வாங்காதே என்று ஆணை வந்தது. சென்னையின் வயிற்றுக்கு எவ்வளவு சோறு என்பதைக் கல்கத்தாவும் இலண்டனும் முடிவு செய்தன. சென்னைக்குச் சொந்தப் பொருளறிவு இருந்தது, சொந்த மருத்துவ அறிவு இருந்தது. சொந்த அதிகாரம் இல்லை.

லிட்டனுக்கு அந்த மார்கழியில் வேறு வேலையும் இருந்தது. 1877 ஜனவரி 1ஆம் நாள் தில்லியில் தர்பார்; விக்டோரியா இந்தியப் பேரரசி ஆனதை அறிவிக்கும் விழா. யானை, வாணவேடிக்கை, விருந்து. அதைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டனர். நாம் டெம்பிளிடம் போவோம்.

சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 ஜனவரியில் லிட்டனால் சென்னைக்கு அனுப்பப்பட்டார். மூன்றாண்டுகளுக்கு முன், 1873–74இல், வங்கத்திலும் பீகாரிலும் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் அரிசி வரவழைத்தார். அங்கே பட்டினிச் சாவு மிகச் சிறிய அளவோடு நின்றது. அதற்காக இலண்டனில் அவருக்கு மாலையா போட்டனர்? ஊதாரி என்று ஏசினர். காசைக் கொட்டி வீணடித்தார் என்றனர். டெம்பிள் பாடம் கற்றார். சென்னைக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது அரிசியன்று, தராசு. நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் காசும், அதற்கு மேல் அரையணாவும் போதும் என்று விதித்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் 450 கிராம். இந்தச் சோற்றை உண்டு நாள் முழுதும் மண் வெட்டவேண்டும், கல் உடைக்கவேண்டும். வேலையும் தன் ஊரில் அன்று, தொலைவில். உண்மையாகவே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் நடப்பான் என்பது தத்துவம். நடக்க இயலாத அளவுக்குப் பசித்தவன் என்ன ஆவான் என்ற கேள்விக்குத் தத்துவத்தில் இடமில்லை.

எதிர்த்தவர் ஒருவர் உண்டு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். சிறையில் கடுங்காவல் கைதிக்குக் கொடுப்பதைவிட இது குறைவு; இதை உண்டு உழைப்பவன் உடல் தேய்ந்து சாவான் என்று எடையும் அளவும் காட்டி வாதாடினார். டெம்பிள் அதைப் பரிசோதனை என்றார். மனித உடலின்மேல் நடந்த பரிசோதனை! சில திங்களிலேயே முகாம்களில் சாவு விழுந்தது. 1877 மே திங்களில் சென்னை அரசு கூலியை ஓரளவு உயர்த்திற்று. டெம்பிளோ அதற்குள் பம்பாய் கவர்னர் ஆகிவிட்டார். பீகாரில் உயிரைக் காத்தார், வசவு கிடைத்தது. சென்னையில் பவுண்டைக் குறைத்தார், பதவி கிடைத்தது. அவ்வாட்சியின் மனச்சாட்சி எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை. ஆகஸ்டு இறுதியில் சென்னைக்கு வந்த லிட்டன், நிவாரண முகாமில் இருப்போர் கொழுத்துப் போயிருக்கிறார்கள் என்று தம் மனைவிக்குக் கடிதம் எழுதினார். அவர் கவிஞரும் ஆவார், கற்பனைக்குக் குறைவில்லை.

இந்த ஒரு பவுண்டுக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. அதை நாம் இங்கே குறித்துக்கொள்வது நல்லது. கையில் கொடுக்கப்பட்டது காசு. அக்காசு ஒரு பவுண்டு தானியத்தின் விலைக்குச் சமம் என்று கணக்கிட்டவர் அதிகாரி. வேலைத்தலத்துக் கடையில் அன்றைய விலை என்ன, அளவு சரியா, கல் எவ்வளவு, பதர் எவ்வளவு என்பதெல்லாம் வாங்குவோன் தலையெழுத்து. விலை காலையில் ஏறினால் அதிகாரியின் கணக்கு அடுத்த கடிதத்தில்தான் ஏறும். இடையில் தேய்வது வயிறு.

அந்தக் கூலிக்கு வெட்டப்பட்ட கால்வாய்தான் சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் நடுப்பகுதி. வடபகுதி பழையது; பாசில் காக்ரேன் என்பவர் 1801இல் தொடங்கி 1806க்குள் எண்ணூர் வரை வெட்டியது; பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டு, மீஞ்சூருக்குக் கிழக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வழியாகச் செல்வது. நகருக்குத் தெற்கேயும் ஒரு பகுதி இருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் இல்லாததனால் இரண்டும் ஒட்டாமல் கிடந்தன. அதை வெட்டியவர்கள் 1877–78இல் பஞ்ச நிவாரணக் கூலிகள். வெட்டி முடிந்ததும் கவர்னர் பெயரை முழுக் கால்வாய்க்கும் சூட்டினர். கோமகன் ஒரு கூடை மண்ணும் சுமந்தவரல்லர். சுமந்தவர் பெயர் ஒன்றேனும் கரையில் எங்கும் இல்லை. பின்னாளில் அக்கால்வாய் நன்கு உழைத்தது. நெல்லூர் அரிசியும், விறகும், உப்பும் படகேறி நகருக்கு வந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு படகுகள் அருகின. இன்று சாக்கடை ஓடுகிறது.

சாவுக் கணக்குக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளும் மதிப்பீடு. அதற்கு மேலும் சொல்வோர் உளர். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3 கோடியே 12 லட்சமாக இருந்த சென்னை மாகாண மக்கள்தொகை, 1881இல் 3 கோடியே 8 லட்சமாக இருந்தது. பத்தாண்டுகளில் பெருகியிருக்கவேண்டிய எண்ணிக்கை குறைந்தது என்றால், பெருகாமற் போனதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பட்டினி உடலை வலுவிழக்கச் செய்ய, காலராவும் காய்ச்சலும் வேலையை முடித்தன. பிழைத்தவர் பலர் கப்பலேறினர்: இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கு, பர்மாவுக்கு, அதற்கு அப்பாலும். இன்று அந்நாடுகளில் தமிழர் வாழ்கிறார்களென்று பெருமையாகப் பேசுகிறோம். அவர்களின் முன்னோர் பலரை ஏற்றியனுப்பியது பசி.

ஆட்சியின் சார்பில் ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் குழு 1880இல் அறிக்கை தந்தது. வறட்சியின் முதல் விளைவு வயல் வேலை நின்று கூலிக்காரர் வேலை இழப்பதே என்பதை அவ்வறிக்கையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, வாணிகத்தில் தலையிடவேண்டாம் என்றும் கூறிற்று! அறிக்கையின் பயனாகப் பஞ்ச விதிகள் வந்தன. எப்போது நிவாரண வேலை தொடங்குவது, எவருக்கு எவ்வளவு என்று வரையறை வந்தது. பஞ்சக் காப்பு என்ற பெயரால் 1878இல் புது வரி விதித்தனர். அப்பணம் ஆப்கானியப் போருக்குப் பயன்பட்டது என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. நூறாண்டு கழித்து, 1981இல், அமர்த்தியா சென் வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து, பட்டினி என்பது உணவு இல்லாமையன்று, உணவைப் பெறும் உரிமை இல்லாமை என்று நூல் எழுதி நிறுவினார். உலகம் வியந்து ஏற்றது. செங்கற்பட்டுப் படியாளைக் கேட்டிருந்தால் 1877லேயே சொல்லியிருப்பார், கேட்கத்தான் ஆளில்லை.

கேட்டவர் ஒருவர் பதினைந்தாண்டு கழித்து வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்கீர் 1891இல் அம்மாவட்ட ஆதித்திராவிடர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். நிலமின்மையும், மனைக்கட்டும் சொந்தமில்லாமையும், கடன் அடிமைத்தனமும் அதில் உள்ளன. 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வித்து. சாதி வேறு, சந்தை வேறு என்று பேசுவோர் அவ்வறிக்கையைப் படிக்கட்டும். யார் களத்தில் நின்று கூலி வாங்கினார்கள், யார் களஞ்சியத்தின் சாவியை வைத்திருந்தார்கள் என்பதைப் பிறப்பு முடிவு செய்த நாட்டில், பஞ்சம் யாரைத் தின்னும் என்பதையும் பிறப்பே முடிவு செய்தது.

இருபதாம் நூற்றாண்டை விரைந்து கடப்போம். 1943இல் வங்கத்தில் முப்பது லட்சம் பேர் மாண்டபின் பங்கீட்டு முறை சென்னை நகருக்கும் வந்தது. 1952 ஜூனில் முதலமைச்சர் இராசாசி கட்டுப்பாட்டை நீக்கினார். நல்ல மழை துணை செய்தது; பாராட்டும் கிடைத்தது. மழை துணை செய்யாத 1965, 1966ஆம் ஆண்டுகளில் அரிசிக்கு வரிசை நின்றது. 1967 தேர்தலில் அண்ணா, மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். ஆட்சிக்கு வந்த சில வாரங்களில், மே திங்களில், ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. கருவூலம் இடந்தராததால் நாடு முழுதும் பரவவில்லை. பெருவெற்றி என்று மார்தட்ட நமக்கு விருப்பமில்லை. ஆயின் அந்த வாக்குறுதியில் ஒரு புதுமை இருந்தது. அரிசியின் விலைக்கு மழையும் அன்று, வணிகரும் அன்று, அரசே பொறுப்பு என்று ஒரு கட்சி மக்கள் முன் ஒப்புக்கொண்டு வாக்குக் கேட்டது. லிட்டன் ஒப்புக்கொள்ள மறுத்தது அதைத்தானே? 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றிற்று. அரசே நெல் வாங்கி, அரைத்து, கிடங்கில் வைத்து, கடைக்கு அனுப்பும் அமைப்பு உருவாயிற்று. ஏழை யார் என்று பட்டியல் போட்டு அவர்க்கு மட்டும் அரிசி கொடு என்று 1997இல் நடுவண் அரசு சொன்னபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற கொள்கையை விடவில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி.

இதனால் மீஞ்சூருக்கு என்ன? நெல் விளைவித்த வட்டாரம் நெல் வாங்கும் வட்டாரமாக மாறியதை இங்கே கண்ணால் காணலாம். ஆரணியாறும் கொசத்தலையாறும் சேர்த்து வைத்த நிலத்தடி நீர் ஏராளம் என்று 1960களில் ஆராய்ந்து கண்டனர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் போயிற்று. நன்னீர் வெளியேறிய இடத்தில் கடல் நுழைந்தது. 1969இல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் இருந்த உப்புநீர் எல்லை 1983இல் 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. 1987இல் சட்டம் போட்டனர். வறண்ட ஆண்டுகளில் உழவர்தம் கிணற்று நீரைக் குடிநீர் வாரியமே விலைக்கு வாங்கிற்று. நெல்லை விற்பதைவிட நீரை விற்பது இலாபம் என்று ஆயிற்று. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். கிணற்றில் புகுந்த கடலுக்கும் குழாயில் வரும் கடலுக்கும் நடுவே நின்ற உழவர் பலர் ஏரை விட்டு ஆலைக்கும் அனல் மின் நிலையத்துக்கும் ஒப்பந்தக் கூலிகளாயினர். 1877இன் படியாளைப் போலவே இவர்களுக்கும் கூலியே வழி. கூலி நின்றால் சந்தை மூடப்பட்ட கதவு. வேறுபாடு, தெரு முனையில் நியாயவிலைக் கடை இருக்கிறது என்பதே.

எஞ்சிய நெல்லுழவருக்கும் அக்கடை வேண்டும். அறுப்பு முடிந்த வாரத்தில் எல்லோரும் ஒன்றாக விற்க வருவதால் விலை விழும். கடன்காரனும் அறுப்புக் கூலியும் காத்திருக்க, நெல்லைக் காயவைத்துக் காத்திருக்கச் சிற்றுழவருக்குத் திராணி இல்லை. செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்குத் தரகர் சொல்லும் விலைக்குக் கொடுக்கவேண்டியதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருந்தால் அறிவித்த விலையொன்று கையில் இருக்கிறது. தரகரும் அதற்கு அருகிலாவது வருகிறார். அங்கே மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவோர் உண்டு, மழையில் நெல் நனைகிறது, பணம் தாமதமாகிறது. இவற்றையெல்லாம் நாம் மறைக்கவில்லை, திருத்தவேண்டும். ஆனால் நிலையம் நெல் வாங்குவது எதற்காக? கடையில் அரிசி போடுவதற்காக.

இப்போது புதிய பொருளாதாரர் சிலர் சொல்கிறார்கள்: கடை எதற்கு, கிடங்கு எதற்கு, களவு எதற்கு? அரிசிக்குப் பதில் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்; விரும்பியதை விரும்பிய கடையில் வாங்கிக்கொள்ளட்டும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கிடங்கில் எலியும் எடையில் ஏமாற்றும் உண்டு என்பது நமக்கும் தெரியும். இதற்கான விதிகள் 2015இல் வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சண்டிகரிலும், நமக்கு அண்டையில் உள்ள புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. ஒரு பவுண்டு தானியத்தின் விலைக்குச் சமமான காசு என்று அதிகாரி எழுதிய கணக்கை நினைத்துப் பாருங்கள். பணம் எழுத்தில் நிற்கிறது, விலை தெருவில் நடக்கிறது. அரிசி பெற்ற குடும்பத்துக்கு விலையேற்றம் வணிகரின் கவலை. பணம் பெற்ற குடும்பத்துக்கு அது தன் கவலை. கடை மூடிய ஊரில் அரசுக்கு அரிசி வேண்டாம். அரிசி வேண்டாத அரசுக்கு உழவரின் நெல்லும் வேண்டாம்.

புதுச்சேரியில் நடந்தது படிக்கத் தக்கது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவை அரிசி கொடுப்போம் என்றது. துணைநிலை ஆளுநர் பணந்தான் என்றார். நடுவண் அரசு அவர் பக்கம் நின்றது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 2020இல் தீர்ப்பும் பணத்தின் பக்கமே அமைந்தது. கவர்னர் பக்கிங்காம் வாங்கிய 30,000 டன்னுக்குக் கல்கத்தா சொன்ன பதில் நமக்கு நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. புதுச்சேரி மக்கள் விடவில்லை. பெண்கள் தெருவில் அரிசி கேட்டனர். தேர்தல் மேடைகளில் எல்லாக் கட்சியாரும் கடையைத் திறப்போம் என்று சொல்லும் நிலை வந்தது. 2024 அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, பூட்டிக் கிடந்த நியாயவிலைக் கடைகளைத் திறந்து குடும்பங்களுக்கு இலவச அரிசி அளக்கத் தொடங்கினார்கள்.